நல்ல மனிதர்களுக்குக் கூடாரப் பெட்டி வாடகைக்கு விடுவது எப்படி

யோசனை எனக்கு வந்தது மாதா கோயிலின் வாகனத் தரிப்பிடத்தில். ஆவணி மாத யாத்திரை நாள். கனடாவின் மொன்றியலில் இருந்தும் வெளியூர்களில் இருந்தும் வந்த சனம் கோயிலுக்குள் பாதி, தரிப்பிடத்தில் பாதி. வான்களின் பின்கதவைத் திறந்துவைத்துச் சோற்றுப் பொதி பிரிக்கிறவர்கள், இரண்டு வான்களுக்கு நடுவே சேலையை மறைப்பாகப் பிடித்துப் பிள்ளைகளுக்கு உடுப்பு மாற்றுகிறவர்கள், முன் ஆசனத்தைச் சரித்துவிட்டு வாய் திறந்து உறங்குகிற ஆம்பிளைகள். அந்த வெயிலுக்குள் ஒரு வயதான கியூபெக் தம்பதியின் கார் வந்து ஓரமாக நின்றது. காருக்குப் பின்னால் இடுப்பளவு உயரத்தில் தட்டையான ஒரு பெட்டி.

கிழவர் இறங்கி அதன் மூலையில் ஒரு கைப்பிடியைச் சுழற்றினார். பெட்டியின் மூடி மெல்ல மேலே எழுந்து கூரையானது. இரண்டு பக்கமும் மேசை லாச்சி இழுப்பதுபோல் இழுத்தார். இரண்டு கட்டில்கள் வெளியே வந்தன. துணிச் சுவர்கள் விரிந்தன, சன்னல் வந்தது, திரைச்சீலைகூட வந்தது. கிழவி உள்ளே போய் மேசையில் இரண்டு கோப்பைகளை வைத்தார்.

நான் திரும்பிப் பார்த்தபோது எங்கள் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் கட்டிலின் அடியில் குனிந்து பார்த்தார். இன்னொருவர் தன்னுடைய மாமியாரை அது தாங்குமா என்று சத்தமாகக் கேட்டார். "இது நல்ல சாமானப்பா, ஒரு வீட்டையெல்லோ மடிச்சு வச்சிருக்கிறான்" என்றார் மூன்றாமவர். பக்திப் பாடல் ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருக்க, சனம் பெட்டியைச் சுற்றி வந்தது.

எனக்கு அப்போது கையில் சந்தைப்படுத்தல் பட்டமும் மனதுக்குப் பிடிக்காத ஒரு தொலைபேசிச் சேவை வேலையும் இருந்தன. அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் மயிர்க்கூச்செறிந்தது. இதோ சந்தை, என் கண் முன்னால் நிற்கிறது என்று நினைத்தேன்.

வாடகைத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கச்சிமாரே, முதலாவது பாடத்தை இங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். சுற்றி நிற்கிற கூட்டத்தைச் சந்தை என்று நம்பாதீர்கள். எங்கள் ஆட்கள் வீதியில் தண்ணீர்க் குழாய் வெடித்தாலும் அப்படித்தான் சுற்றி நிற்பார்கள். அதற்காக யாரும் வெடித்த குழாயை வாடகைக்கு எடுப்பதில்லை.

அறிவுரை சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். நான் இந்தத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன். வயது இருபத்தொன்பது. சிரிக்க வேண்டாம். மொன்றியல் தமிழர்களுக்குக் கூடாரப் பெட்டி வாடகைக்கு விட்டவர்களில் என்னைவிட மூத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை, எனக்குப் பிறகும் ஒருவர் வருவார் என்று தோன்றவில்லை. ஆகவே துறையின் முழு அனுபவமும் என்னிடம்தான் இருக்கிறது. நீங்கள் மண்டபக் கதிரை, பிள்ளைகள் துள்ளும் காற்றுக் கோட்டை, காரின் கூரையில் கட்டும் கூடாரம் என்று வேறு வேறு சாமான்களோடு இறங்கியிருக்கிறீர்கள். சாமான் மாறலாம். வாடிக்கையாளர் அதே ஆட்கள்தான்.

என்னோடு பங்குக்கு வந்தவள் நிருசா. பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்தவள், பார்க் எக்ஸ்டென்ஷனில் பக்கத்து வீதிக்காரி. நான் கணினித் திரையில் வரைபடங்கள் போட்டுக் காட்டியபோது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இவ்வளவு நல்ல சாமானெண்டால் ஏன்டா எல்லாரும் விக்கிறாங்கள்?"

"அதுதானடி வாய்ப்பு. எல்லாரும் விட்டிட்டு ஓடுற நேரம் நாங்கள் பிடிக்க வேணும்."

"எல்லாரும் ஓடேக்க, ஏன் ஓடுறாங்கள் எண்டு ஒருக்கால் திரும்பிப் பாக்கிறேல்லையோ?"

இதை நான் எதிர்மறைச் சிந்தனை என்று அவளுக்கு விளக்கினேன். அதற்கு ஒரு ஆங்கிலச் சொல்லும் வைத்திருந்தேன். நல்லவேளை, மறந்துவிட்டது.

பெட்டிகளை எங்களுக்கு விற்றவர் மொன்றியல் தீவுக்கு வெளியே ட்ரெயிலர் விற்பனை முற்றம் வைத்திருந்த ஒரு கியூபெக்காரர். ஒருகாலத்தில் முற்றம் நிறையக் கூடாரப் பெட்டிகள்தான் நிற்குமாம். இப்போது வாடிக்கையாளர்களுக்குச் சுவர் கெட்டியாக இருக்க வேண்டும், உள்ளேயே கழிப்பறை இருக்க வேண்டும், போய் நின்றவுடன் படுக்க வேண்டும். கைப்பிடி சுழற்ற யாருக்கும் பொறுமை இல்லை. மழையில் நனைந்த துணியை மடித்துக்கொண்டு வந்தால் வீட்டில் மறுபடியும் விரித்துக் காயவைக்க வேண்டும். அதற்கு முற்றம் வேண்டும். முற்றம் உள்ளவர்கள் பெரிய ட்ரெயிலர் வாங்குகிறார்கள். முற்றம் இல்லாதவர்கள் இதை எங்கே விரிப்பது? இவ்வளவையும் அவர் பிரெஞ்சில் பொறுமையாகச் சொன்னார். சொல்லிவிட்டுத் தன்னிடம் மிச்சமிருந்த ஆறு பெட்டிகளையும் எங்களுக்கே தந்தார். கடைசிப் பெட்டியைக் காரின் பின்னால் கொளுவியபோது என் தோளில் தட்டி, "போன் ஷான்ஸ்" என்றார். அதிர்ஷ்டம் வாய்க்கட்டும் என்று அர்த்தம். அவர் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி இருந்தது. எனக்கு அது ஆசீர்வாதமாகத் தெரிந்தது.

விற்கிறவர் தன் சாமானைப் பற்றிக் குறை சொன்னால் காது கொடுங்கள். அவருக்கு அதில் ஒரு இலாபமும் இல்லை.

நகரின் லாசால் பகுதியில் ஒரு தொழிற்சாலையின் பின்புறத்தில் இடம் எடுத்தோம். முதல் கோடையில் வாடிக்கையாளர்கள் வந்தார்கள். எல்லாரும் கோயிலில் பழக்கமான குடும்பங்கள், எல்லாரும் நல்லவர்கள். அதுதான் பிரச்சினையே.

எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் சட்டி இரவல் வாங்கினால் அதைக் கழுவாமல் திருப்பிக் கொடுக்க மாட்டோம். வெறுஞ்சட்டியாகவும் கொடுக்க மாட்டோம். இந்த ஒழுக்கம் கூடாரப் பெட்டிக்கும் வந்து சேரும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. வாடகைக்குக் கொண்டுபோன குடும்பங்கள் திரும்பிவரும் வழியில், கார் கழுவும் இடத்தில் நிறுத்தி, துணிச் சுவரை உள்ளும் புறமும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, அழுத்தத் தண்ணீர் அடித்து, பளிச்சென்று ஆக்கி, அப்படியே ஈரத்தோடு மடித்து, என்னிடம் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். போதாததற்கு உள்ளே இருந்த சின்ன அலுமாரியில் கேக்குத் துண்டோ பயித்தம் பணியாரமோ எனக்குத் தெரியாமல் வைத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாடிக்கையாளருக்காகத் திறந்தால் துணியெல்லாம் கரும்புள்ளி பூத்திருக்கும். அலுமாரிக்குள் எறும்புகள் திருவிழா நடத்திக்கொண்டிருக்கும்.

"கழுவ வேண்டாமெண்டு சொல்லு" என்றாள் நிருசா.

சொன்னேன். ஒவ்வொருவரிடமும் சொன்னேன். "பரவாயில்லை, நீங்கள் கழுவ வேண்டாம், நாங்கள் பாத்துக்கொள்ளுறம்." எல்லாரும் சிரித்துத் தலையாட்டினார்கள். இன்னும் நன்றாகக் கழுவிக் கொண்டுவந்தார்கள். எங்கள் வழக்கில் 'பரவாயில்லை' என்பதற்கு ஒரு மரியாதைக்கு மேல் பெறுமதி கிடையாது என்பதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. துணிக்குப் பூஞ்சைத் தடுப்பு மருந்து தேடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது கோடைக்குள் ஆறு பெட்டிகளில் வாடகைக்கு விடத்தக்க நிலையில் இரண்டுதான் இருந்தன. கேட்டு வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு வைஃபை உள்ள குடில் வேண்டுமாம். நான் மட்டும் விடவில்லை. கூடாரப் பெட்டி திரும்பி வரும், பழையதெல்லாம் ஒருநாள் நாகரிகமாகும் என்று காணொளி போட்டேன். கோயில் முடிந்து வெளியே வருகிறவர்களை மறித்துக் கதைத்தேன். என்னைக் கண்டால் சிலர் வேறு வாசலால் போகத் தொடங்கினார்கள்.

இனிச் சொல்லப்போவது அந்தக் கோடையில் நடந்தது. மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

செபமாலை அண்ணை மன்னார்க்காரர். பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் குடும்பத்தோடு இருப்பவர். ஊரில் பாய் கட்டிய வள்ளத்தில் கடலுக்குப் போனவர். இங்கே ஒரு வெதுப்பகத்தில் வேலை. அவருடைய மனைவி றீற்றா அக்கா என்னைக் கோயிலில் கண்டு, தானாகவே கேட்டு, ஒரு பெட்டியை வார இறுதிக்கு எடுத்தார். எனக்காக இரங்கித்தான் எடுத்தார் என்று இப்போது விளங்குகிறது. அவர்கள் இரண்டு பேர், இரண்டு மகள்மார், இரண்டு மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாருமாக வடக்கே மலைப்பக்கத்தில் ஒரு ஏரிக்கரைக்குப் போனார்கள்.

சனிக்கிழமை பின்னேரம் நானும் நிருசாவும் லாசால் முற்றத்தில் நின்றோம். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கைத்தொலைபேசி அடித்தது. றீற்றா அக்கா, வீடியோ அழைப்பில்.

திரையில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. மழை, அசையும் மரங்கள், யாரோ கத்துகிற சத்தம். பிறகு கண்டேன். கூடாரப் பெட்டியின் துணி பட்டம்போல் உப்பி நிற்கிறது. கூரை ஒரு பக்கம் எழும்பி எழும்பி விழுகிறது. செபமாலை அண்ணை முன்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு மருமக்களும் பின்பக்கத்துக் கம்பங்களில். மூன்றும் உலோகக் கம்பங்கள். மேலே பெரிய பைன் மரங்கள்.

"தம்பி, சரியான காத்தடா! ஆனா நீ ஒண்டுக்கும் பயப்பிடாத. அவை பிடிச்சிருக்கினம்!"

"அக்கா, பிள்ளையள் எங்க?"

"பிள்ளையளும் மகள்மாரும் வானுக்குள்ள."

"நீங்களும் எல்லாரும் வானுக்குள்ள ஏறுங்கோ. பெட்டியை விடுங்கோ."

"அதெப்பிடித் தம்பி விடுறது? உன்ர சாமானெல்லோ."

"பரவாயில்லை அக்கா. போனால் போகட்டும்."

றீற்றா அக்கா தொலைபேசியை விலக்கிப் பிடித்துக் கத்தினார். "இஞ்சருங்கோ! தம்பி போனால் போகட்டுமாம்!"

காற்றுக்குள் செபமாலை அண்ணையின் குரல் கேட்டது. "பாத்தியே, தங்கமான பொடியன்! அப்பிடிப்பட்டவன்ர சாமானை விடலாமே? டேய் மருமோன், இறுக்கிப் பிடி!"

ஒரு மின்னல் திரையை வெள்ளையாக்கியது. இடி வந்து சேர அவ்வளவு நேரம் எடுக்கவில்லை.

"அக்கா, அதுக்குக் காப்புறுதி இருக்கு. நட்டமில்லை. விடச் சொல்லுங்கோ."

"காப்புறுதியெண்டால் உனக்கெல்லோ அலைச்சல். அந்த அலைச்சலை உனக்குக் குடுப்பமே? அவர் கடலில பாய் பிடிச்ச மனுசன், இது என்ன காத்து!"

"ஆபத்து அக்கா! மரம் முறியும்!"

"நீ பதறாத. உன்ர பெட்டிக்கு ஒண்டும் வராது."

பாருங்கள், நான் எவ்வளவு நல்லவனாகப் பேசுகிறேனோ அவ்வளவு இறுக்கமாக அவர்கள் பிடிக்கிறார்கள். நான் விடச் சொல்வது அவர்கள் காதில் என் பெருந்தன்மையாக விழுகிறது. அந்தப் பெருந்தன்மைக்கு அவர்கள் தங்கள் உயிரால் பதில் மரியாதை செய்கிறார்கள். இதற்குமேல் கெஞ்சினால் கம்பத்தில் தங்களைக் கட்டிவிடுவார்கள்.

நிருசா என் முழங்கையைப் பிடித்தாள். "அதின்ர உண்மையான நிலைமையைச் சொல்லு. என்னட்ட ஒத்துக்கொள்ளாததை அவரிட்டயாவது சொல்லு."

மூன்று வருடமாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்று அது. எனக்கு நானே சொல்லிக்கொள்ளாததும்கூட.

"அக்கா, ஃபோனை அண்ணையின்ர காதில வையுங்கோ."

வைத்தார். காற்றின் இரைச்சல் பெரிதானது.

"அண்ணை, கேளுங்கோ. இந்தச் சாமானை இப்ப ஒருத்தரும் தேடுறேல்லை. செய்த கம்பனியே செய்யிறதை விட்டிட்டுது. விக்கவும் ஏலாது. போன கிழமை பழைய இரும்பு எடுக்கிறவனைக் கேட்டனான், துணியைக் கழட்டிப்போட்டுக் கொண்டுவா எண்டு சொன்னவன். அங்க போக நிண்டதைத்தான் உங்களுக்குத் தந்தனான். வேற ஒருத்தரும் எடுக்கமாட்டினம். நீங்கள்தான் அம்பிட்டியள்."



"என்ன சொல்லுறீர்?"

'தங்கமான பொடியன்' போய், கோபத்தில் தள்ளிவைக்கிற 'நீர்' வந்துவிட்டது. நல்ல அறிகுறி.

"குப்பை அண்ணை. அது குப்பை."

"குப்பையையோ எனக்குத் தந்தனீர்? பிள்ளைகுட்டியோட போறவனுக்கு?"

"ஓம் அண்ணை."

"இந்தக் குப்பைக்கோ நான் மழையில நிண்டு..." மீதி வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. மன்னார்க் கடலில் அவற்றுக்கு வேறு பயன் இருந்திருக்கும். "டேய், விடுங்கோடா! வாங்கோடா வானுக்கு! இவன்ர குப்பையை இவனே வந்து பொறுக்கட்டும்!"

திரை ஆடியது, சேறு தெரிந்தது, வானின் கதவு இழுபட்டு மூடும் சத்தம் கேட்டது. தொடர்பு அறுந்தது.

நானும் நிருசாவும் முற்றத்தில் நின்றோம். லாசாலிலும் மழை தொடங்கிவிட்டது. உள்ளே போக இருவருக்கும் தோன்றவில்லை. நான் திரும்பத் திரும்ப அழைத்தேன். போகவில்லை. அங்கே அலைவரிசை இல்லை என்று நிருசா சொன்னாள். நான் கேட்காமலே இன்னொருமுறையும் சொன்னாள்.

பிறகு றீற்றா அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. கூடாரப் பெட்டியின் குறுக்கே ஆள் பருமன் கிளை ஒன்று விழுந்து கிடந்தது. கூரை இரண்டாக மடிந்திருந்தது. முன்கம்பம், செபமாலை அண்ணை கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற கம்பம், மண்ணுக்குள் குத்தி நின்றது. படத்தின் கீழே அக்கா எழுதியிருந்தார்: 'எல்லாரும் சுகம். அவர் சரியான கோவம்.'

நிருசா நிலத்தில் குந்திவிட்டாள். நான் சிரித்தேனா அழுதேனா என்று அவள் சொல்வதும் நான் சொல்வதும் பொருந்தாது.

அடுத்தநாள் காலை பெட்டியை எடுக்கப் போனேன். செபமாலை அண்ணை கிளையைப் பார்த்தார். தான் நின்ற இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"குப்பையை ஏத்தும்" என்றார்.

நான் ஏற்றினேன். மருமக்கள் கை கொடுக்க வந்தார்கள். அவர் கண்ணைக் காட்ட நின்றுவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிவதற்குள் செய்தி பரவிவிட்டது. தன் வாயாலேயே குப்பை என்று ஒத்துக்கொண்டு, அதைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகிற பொடியன். கிளையைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கதைக்கவில்லை. மிச்சமிருந்த இரண்டு முன்பதிவுகளும் இரத்தாகின. "மூண்டு வரியமா நீ செய்த விளம்பரத்தில இதுதானடா சனத்திட்டப் போய்ச் சேந்தது" என்றாள் நிருசா. அந்தக் கோடையோடு நான் ஓய்வு பெற்றேன், நிருசாவும் வேறு வேலை தேடிப் போனாள். பிரியாவிடை விருந்து நடக்கவில்லை.

ஆகவே இளையவர்களே, இதுதான் நான் உங்களுக்குத் தரக்கூடியது. நெருக்கடியில் உங்களிடம் இரண்டு பொருட்கள் இருக்கும். ஒன்று உங்கள் நல்ல பெயர், மற்றது வாடிக்கையாளரின் உயிர். எங்கள் ஆட்கள் முன்னையதைக் காப்பாற்றப் பின்னையதைத் தயங்காமல் கொடுப்பார்கள். அதனால் உங்கள் பெயரை நீங்களே முதலில் எறிய வேண்டும், அதுவும் அவர்கள் காணும்படியாக. மென்மையாக எறிந்தால் ஓடிப்போய்ப் பொறுக்கிக் கொண்டுவந்து கழுவித் தருவார்கள். அப்படிக் கழுவித் தர முடியாத அளவுக்குச் சேற்றில் எறியுங்கள்.

நீங்கள் கூரைக் கூடாரங்களை வாங்கி அடுக்குவதாகக் கேள்விப்பட்டேன். அழகான சாமான். எல்லாரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். அதை விற்கிறவர்களின் முகத்தையும் ஒருமுறை பாருங்கள்.

ஓய்வில் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. மிச்சமிருந்த ஐந்து பெட்டிகளின் துணியையும் கூரையையும் கழற்றிப் பார்த்தால், கீழே இருப்பது காருக்குப் பின்னால் இழுக்கக்கூடிய, சில்லுப் பூட்டிய நல்ல உறுதியான தட்டு. யூலை முதலாம் திகதி இந்த நகரத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாடகை ஒப்பந்தம் முடிந்து பாதி ஊர் ஒரே நாளில் வீடு மாறும். பாரவண்டி கிடைக்காமல் சனம் மெத்தையைத் தலையில் சுமந்துகொண்டு வீதியில் நடக்கும். அதற்கு ஏன் இந்தத் தட்டுகளைக் கொடுக்கக் கூடாது? விடுமுறைக்குப் போகப் பிறந்த சாமான்கள், இனி உழைக்கட்டும். நிருசா திரும்பி வந்திருக்கிறாள். வாடிக்கையாளர்களோடு அவள்தான் கதைப்பாள் என்ற நிபந்தனையோடு.

முதல் அழைப்பு போன கிழமை வந்தது. றீற்றா அக்கா. பார்க் எக்ஸ்டென்ஷனை விட்டு லாசாலுக்கு வருகிறார்களாம்.

"அந்தத் தட்டுகள் என்ன மாதிரித் தம்பி? உள்ளதைச் சொல்லு" என்றார்.

ஒன்றில் பின்விளக்கு வேலை செய்யவில்லை என்றேன். இன்னொன்றின் பலகையை மாற்ற வேண்டும் என்றேன். மூன்றாவது நல்லது, அதைத் தருகிறேன் என்றேன். சரி என்றார். அண்ணை என்ன சொல்கிறார் என்று கேட்டேன். அவர் இன்னும் என் பெயரை வீட்டில் எடுப்பதில்லை, ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லையாம். மருமக்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்குத் தங்கள் வீடு மாற வேண்டியிருக்கிறது. ஃபிரிட்ஜ் பெரியது. மூன்றாம் மாடியில் இருந்து வெளிப்பக்கத்து இரும்புப் படியால் இறக்க வேண்டும். உங்களுக்குத் தெரியும், நடுவில் வளைந்து திரும்புகிற அந்தப் படி. ஒரு நுனியை அவர் பிடிப்பார், மறு நுனியை நான் பிடிக்க வேண்டும். வளைவில் திரும்பும்போது யாராவது ஒருவர் வாய் திறந்துதான் ஆக வேண்டும்.